முறை தெரியாத மாப்பிள்ளை

திருநெல்வேலிக்காரர்களுக்குச் சென்னையிலிருந்து அல்வா வாங்கிக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.

மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்ற பதற்றம். ஆபீஸ் விட்டு வரும் வழியில் 'ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா' என்று போர்டு மாட்டிய கடை கண்ணில் பட்டது. அரைக் கிலோ பெட்டி நாலு வாங்கினேன். ஊரில் போய்ப் பிரித்ததும் என் மனைவியின் ஆச்சி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி நிதானமாக மென்றார். "மெட்ராஸ்லயும் கோதுமை கெடைக்கும் போலுக்கே" என்றார். அல்வா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் பொங்கல் நாலு நாளும் மாமனார் ஊரிலேயே இருந்தது இதுதான் முதல் தடவை. அதுவரை 'லீவு கிடைக்கலை' என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த வருஷம் கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். நான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவது என் பொறுப்பு. 120 நாளுக்கு முன்னால் புக்கிங் திறக்கும் என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, செப்டம்பரில் அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தேன். அந்தத் தேதியே வரவில்லை. 2024 நவம்பரிலேயே அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள். சரி, நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். நவம்பரிலும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகவே பஸ். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், பின் சக்கரத்துக்கு நேர் மேலே. தாம்பரத்தில் வாயை மூடிய மனைவி கோவில்பட்டி தாண்டித்தான் திறந்தாள். திறந்ததும் வந்தது வேறு தமிழ். சென்னையில் 'என்ன பண்றீங்க' என்று கேட்பவள், அந்த எல்லை தாண்டியதும் 'என்ன செய்யுதிய' என்று கேட்பாள். அந்த நிமிஷத்திலிருந்து நான் வெளியூர்க்காரன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரை கிராமம். அந்தக் காலத்து வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பெட்டி கோத்த மாதிரி போகும். கோட்டை விட்ட ரயில் இங்கே வந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வித்தியாசம், இதில் எல்லாப் பெட்டியிலும் சொந்தக்காரர்கள். மொத்தம் 22 பேர். பாத்ரூம் ஒன்று.

"மாப்ள மொதல்ல போகட்டும்!"

மாமனார் இப்படிச் சொன்னதும், தோளில் துண்டோடு நின்ற ஜனம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஒரு எம்.எல்.ஏ.வுக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது. உள்ளே போய்த் தாழ் போட்டேன். வெளியே 21 பேரும் மரியாதை நிமித்தமாகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த மௌனத்தில் எந்த மனிதனுக்கு என்ன வரும்? ஐந்து நிமிஷம் குழாயைத் திறந்து மூடிவிட்டு, போன மாதிரியே வந்தேன்.

மரியாதையின் இன்னொரு வடிவம், நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. பட்டாசலில் எல்லோரும் சம்மணம் போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும் நாற்காலியில். கீழே உட்காரப் போனால் பத்துக் கை தடுக்கும். எழுந்து அடுக்களைப் பக்கம் போனால் நாற்காலி பின்னாலேயே வரும். தூக்கிக்கொண்டு வருபவன் மச்சினனின் மகன், ஒன்பது வயது. முறைப்படி அவன் எனக்கு மருமகன். என் பெண்ணுக்கு நாலு வயதுகூட ஆகவில்லை, அதற்குள் மருமகன் நாற்காலி தூக்குகிறான்.

முறை என்றேன் அல்லவா, அங்கேதான் வழுக்கியது.

குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாம் அங்கிள், பெண்கள் எல்லாம் ஆன்ட்டி. நாற்பது வயது வரை இந்த இரண்டே வார்த்தையில் ஓட்டிவிட்டேன். இங்கே அதைத் தமிழாக்கி, ஆண்கள் எல்லாம் மாமா, பெண்கள் எல்லாம் அத்தை என்று ஒரு சிஸ்டம் வைத்துக்கொண்டேன். எனக்கு வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். இந்த சிஸ்டத்தில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

போகி அன்று சாயங்காலம் மாமியாரின் தம்பி வந்தார். "வாங்க மாமா" என்று பட்டாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி வரவேற்றேன். காபி டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

ஆச்சிதான் சாவகாசமாகக் கேட்டார். "அவளுக்கும் மாமா, உமக்கும் மாமான்னா, நீரும் அவளும் அண்ணன் தங்கச்சியால்லா ஆயிருதிய?"

ஏழு வருஷக் கல்யாணம் ஒரே வார்த்தையில் போயிற்று.

ஆச்சி அப்போது பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவித்த கிழங்குத் துண்டுகளைத் தரையில் இரண்டு வரிசையாக அடுக்கி எனக்குப் பாடம் எடுத்தார். மனைவி யாரை மாமா என்கிறாளோ, அவர் எனக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஆக வேண்டும். அவள் யாரைச் சித்தப்பா, பெரியப்பா என்கிறாளோ, அவர்தான் எனக்கு மாமா. அவளுடைய அத்தை எனக்குச் சித்தி அல்லது பெரியம்மா. அவள் தம்பி பிள்ளைகள் எனக்கு மருமக்கள், அவள் தங்கச்சி பிள்ளைகள் எனக்கே பிள்ளைகள். அதாவது எல்லாவற்றையும் இடவலம் மாற்றிப் போட வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஒரு பக் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற சாஃப்ட்வேர். நான் வாயைப் பிளந்து கேட்டேன். கேட்டுக்கொண்டே சித்தப்பா வரிசையில் இரண்டு பேரை எடுத்துச் சாப்பிட்டும்விட்டேன்.

"நாரை உரிச்சுட்டுத் திங்கணும் ராசா" என்றார் ஆச்சி. அதற்குள் பல்லிடுக்கில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை நடத்துமளவு நார் சேர்ந்திருந்தது.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைச் சொல்லாமல் தாண்டப் பார்த்தேன், மனசாட்சி விடவில்லை. சொதி வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு போட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குவது. நெல்லைப் பக்கம் கல்யாணத்து மறுவீட்டில் மாப்பிள்ளைக்கென்று வைப்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். எனக்கும் ஏழு வருஷத்துக்கு முன் வைத்தார்களாம். அன்று போட்டோகிராபர் 'சார் இங்க பாருங்க' என்று சொல்லிச் சொல்லி, என்ன சாப்பிட்டேன் என்றே ஞாபகமில்லை.

"அத்தை, வெஜிடபிள் ஸ்டூ பிரமாதம். ஆப்பம் இருக்கா?"

மாமியாரின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மாமியாரை அத்தை என்று அழைத்தது சரிதான். அந்த வாக்கியத்தில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

சொதியோடு இலையில் ஓரமாக இஞ்சிப் பச்சடி வைத்தார்கள். ஊறுகாய் என்று நினைத்து, பிரஷருக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டேன். மூன்று தரம் சொதி வாங்கினேன். தேங்காய்ப்பாலின் கனத்தை அந்த இஞ்சிதான் செரிக்க வைக்கும் என்பது ராத்திரி இரண்டு மணிக்குத் தெரிந்தது. புறவாசலுக்கும் கட்டிலுக்கும் நடை. ஒவ்வொரு தரம் கதவைத் திறக்கும்போதும் இருட்டிலிருந்து ஆச்சியின் குரல் மட்டும் வந்தது. "இஞ்சியத் தொடலையோ?"

இலையை எதிர்ப்பக்கமாக மடித்தேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துக்க வீட்டில்தான் அப்படி மடிப்பார்களாம். மாமனார் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, என் எச்சில் இலையை அவரே திறந்து, உள்பக்கமாகத் திருப்பி மடித்துவிட்டு எழுந்து போனார். நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி பாரதியாரை நினைத்துக்கொண்டேன். இங்கிருந்து பஸ் ஏறினால் கடையம், செல்லம்மாவின் ஊர். 1918 கடைசியில் விடுதலையானதும் அங்கே வந்து, 1920 வரை மாமனார் ஊரில் இருந்தார் பாரதி. அங்கே இருந்துகொண்டும் எழுதினார். நானும் மாமனார் ஊரிலிருந்து எழுதினேன், ஒரே ஒரு வாட்ஸ்அப் பொங்கல் வாழ்த்து. அதுவும் வந்ததை ஃபார்வர்டு செய்தது.

பொங்கலன்று காலையில் தன்மானம் விழித்துக்கொண்டது. எல்லோரும் ஓடியாடி வேலை செய்கிறார்கள், நான் மட்டும் நாற்காலியில் அமர்ந்த சிலை மாதிரி. "எனக்கும் ஏதாவது வேலை கொடுங்க" என்றேன். பெரியவர்கள் தனியாகப் போய்ப் பேசினார்கள். வெகுநேரம் பேசினார்கள். மாப்பிள்ளை எதைச் செய்தால் சேதம் குறைவாக இருக்கும் என்பதுதான் அஜெண்டா என்று பிறகு தெரிந்தது.

வாசலில் கோலத்துக்கு நடுவே மூன்று பொங்கக்கட்டிகள். மண்ணில் செய்து, சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்தவை. மேலே மஞ்சள் குலை கட்டிய வெண்கலப் பானை. அடுப்புக்கு விறகு கிடையாது, காய்ந்த பனையோலை. "ஓலைய ஒண்ணொண்ணா எடுத்துக் குடுங்க மாப்ள, அது போதும்" என்றார் மாமனார். ஒன்றொன்றாக என்றால் எனக்குப் புரியாதா? மும்மூன்றாகக் கொடுத்தேன். காய்ந்த பனையோலை பெட்ரோலுக்குத் தம்பி. தீ குப்பென்று ஏறிப் பானையின் கழுத்தைப் பிடித்தது, மஞ்சள் குலை சுருண்டது, என் வலது புருவத்தில் ஒரு பகுதி காணாமல் போனது.

அதைத் தடவிக்கொண்டே பானையைப் பார்த்தேன். வாயிலிருந்து புசுபுசுவென்று வெள்ளையாக வருகிறது. யாரும் கவனிக்கவில்லை. இதையாவது முதலில் கண்டுபிடித்தோமே என்று எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "பொங்கலோ பொங்கல்!"

பிள்ளைகள் தட்டைத் தட்டின. பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து குலவை போட்டார்கள். எதிர்வீட்டிலும் யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். சத்தம் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. மாமனார் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆவி" என்றார்.

நிஜமாகப் பால் பொங்கியது ஐந்தாறு நிமிஷம் கழித்து. நுரை எழும்பி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, கிழக்குப் பக்கமாக அழகாக வழிந்தது. கத்துவதற்கு யாருக்கும் தொண்டையில் தெம்பில்லை. ஆச்சி மட்டும் ஒப்புக்கு ஒரு குலவை போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஓலையைப் பார்த்தேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்ட ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், என்னையும் சேர்த்து. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத் தாமிரபரணி, எதிரே பொதிகை மலை. "நீச்சல் தெரியும்லா?" என்று கேட்டான் மச்சினன். தெரியும் என்றேன். பொய்யில்லை. ஒரு கோடை லீவில் 12 கிளாஸ் போயிருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கும் பாடம் வரை முடித்திருக்கிறேன். ஆற்றில்தான் கம்பி வைக்கவில்லை.

படித்துறையின் மூன்றாவது படியில் பாசி. தண்ணீர் இடுப்பளவுதான், முங்கி எழுந்துவிட்டேன். ஆனால் மூக்குக் கண்ணாடி எழவில்லை. மருமகன் மூன்று தரம் முங்கி, யாருடையதோ ஒற்றைச் செருப்பை எடுத்து வந்தான். பொதிகையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிற ஆறு. மைனஸ் நாலரை பவரில் மன்னார் வளைகுடா மீன் ஏதோ ஒன்று இப்போது உலகத்தைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாற்றுக் கண்ணாடி? சென்னையில் பீரோவில் பத்திரமாக இருந்தது.

கண்ணாடி இல்லாமல் எனக்கு மனிதர்கள் நிறம் மட்டும்தான். வெள்ளையாக அசைந்தால் வேட்டி, கலராக அசைந்தால் சேலை. அன்று சாயங்காலம் என்று பார்த்து மனைவி எச்சரித்தாள். "பெரிய மாமா வாராவ. மொதத் தடவ பாக்கிய, கால்ல விழுந்து கும்பிட்டுக்கிடுங்க." பெரிய மாமா என்றால் மாமியாரின் அண்ணன். பனங்கிழங்குப் பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவளுக்குப் பெரிய மாமா என்றால் எனக்குப் பெரியப்பா. விடை சரி. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக முறை தெரிந்த மாப்பிள்ளையாக வாசலில் காத்து நின்றேன்.

உயரமாக ஒரு வெள்ளை வேட்டி தெருவைக் கடந்து வீட்டை நோக்கி வந்தது. "வாங்க பெரியப்பா!" என்று பட்டாசலுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"அய்யய்யோ, என்னங்ணா பண்றீங்க!" என்று அலறிக்கொண்டு அந்த வேட்டி என்னைத் தூக்கக் குனிந்தது. நான் ஆசீர்வாதம் வந்துவிட்டதாக நினைத்து எழுந்தேன். மண்டையும் மண்டையும் மோதிய சத்தத்தில் தொழுவத்துக் கன்று கத்தியது.

முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெரியப்பாவுக்கு. எதிர்வீட்டு மாப்பிள்ளை, கோயம்புத்தூர்க்காரர், தலைப்பொங்கல். "இங்க உங்களுக்காச்சும் சிக்னல் கிடைக்குதுங்களாண்ணா?" என்று கேட்க வந்திருக்கிறார். நிஜப் பெரிய மாமா முன்னாலேயே புறவாசல் வழியாக வந்து, திண்ணையில் காபி குடித்தபடி முழுவதையும் பார்த்திருக்கிறார். "யாருல இது?" என்று அவர் மருமகனிடம் கேட்டது எந்த மாப்பிள்ளையைப் பற்றி என்று எனக்கு இன்னும் தெரியாது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கோயம்புத்தூர்க்காரர் மெதுவாகச் சொன்னார். "நேத்து நீங்க கத்துனதக் கேட்டுத்தானுங்ணா நானும் கத்துனேன். எங்கூட்டுப் பானைல அப்பத்தான் தண்ணியே ஊத்துனாங்க."

இப்படி ஒரு ஆளைத்தான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஒரு நாற்காலியாம், சிவப்பு. அவரும் இலையைத் தப்பாக மடித்தாராம். இஞ்சியைத் தொட்டீர்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

இவர் எனக்கு என்ன முறை என்று ஆச்சியிடம் கேட்டேன். ஆச்சி விரல்விட்டு எண்ணினார். எதிர்வீட்டுக்காரர்கள் பங்காளி வகையறா, அந்தப் பெண் இவளுக்குத் தங்கச்சி முறை. "அப்படிப் பாத்தா உமக்குச் சகலை" என்றார். அவர் காலில் விழுந்ததைப் பற்றிக் கேட்டேன். அதற்கு முறை எதுவும் இல்லையாம்.

குளத்தங்கரையில் ஒரே ஒரு வேப்பமரத்தடியில் மட்டும் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். கண் தெரியாத நான் சகலையின் தோளைப் பிடித்துக்கொள்ள, வழி தெரியாத சகலை போன் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். தலையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டு மருமகன் வந்துகொண்டிருந்தான்.

"மாமா, இத எங்கன போடட்டும்?" என்றான்.

சகலை என்னைப் பார்த்தார். நான் அவர் இருந்த திசையைப் பார்த்தேன்.